நான்கு விரல் உயரம்

என் தங்கையின் கணவர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார், கதவைத்தான் பார்ப்பார். பல வருஷங்களுக்கு முன்பு எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் எனக்கு உறவு இல்லை. நான் வேலை செய்த கம்பெனியில் மாடியில் உட்கார்ந்து படம் வரைகிற ஆள், அவ்வளவுதான். கதவைத் திறந்த என் தங்கையிடம், "அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றுதானே கேட்க வேண்டும்? "உங்க கதவு மேல ஒரு அகலமும் கீழ ஒரு அகலமுமா இருக்கே, தெரியுமா?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளே போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஏனென்றால் அந்தக் கதவைச் செய்தவன் நான்.

அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான்.

எங்கள் கம்பெனி சமையலறை அலமாரிகளைச் செய்து வீடு வீடாகப் பொருத்தித் தரும் கம்பெனி. கீழே பட்டறை. அது என் ராஜ்ஜியம். மாடியில் கம்ப்யூட்டர் அறை. அது அவருடையது. இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புப் படிக்கட்டு. படம் மாடியிலிருந்து கீழே இறங்கும், திட்டு கீழேயிருந்து மாடிக்கு ஏறும். திட்டுவது பெரும்பாலும் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை ஒல்லியான ஆள். வெளிர்நீலச் சட்டைகள் ஆறு வைத்திருக்கிறார், எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்தவை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா இருக்கும், அவருக்கு ஒரு குட்டி அளவு டேப். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதையே வீடு முழுக்கத் தேடுவார். பேச்சு குறைவு. ஆனால் அளவு என்று வந்துவிட்டால் நிறுத்த முடியாது. பஸ் படியின் உயரம், வங்கி கவுண்டரின் உயரம், ஆஸ்பத்திரிக் கட்டிலின் அகலம் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர், குழந்தையைக் கையில் வாங்கி, "ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டு கம்மி" என்றார். நர்ஸ் அளந்தபோது நாற்பத்தொன்பதரை. இந்த மனுஷன் மேல் கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் செய்த பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அலமாரிக் கதவுக்கும் ஒவ்வொரு படம். முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒன்று, முப்பத்தைந்துக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று. இடப்பக்கம் திறக்க ஒன்று, வலப்பக்கம் திறக்க ஒன்று. கதவுக்கு மட்டுமே நூற்றுக்கும் மேல் படங்கள். அவசரத்தில் யாராவது தப்பான படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். நான் மரத்தை அறுத்த பிறகுதான் தெரியும். பிறகு இரும்புப் படிக்கட்டில் என் சத்தம் ஏறும்.

மாப்பிள்ளை அந்த நூறையும் ஒன்றாக்கினார். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கதவு. அதற்கு பிளாக் என்று பெயர். அதன் ஓரத்தில் ஒரு நீல அம்புக்குறி இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கதவு ஐந்தைந்து சென்டிமீட்டராக அகலும். அறுபதுக்கு மேல் இழுத்தாலும் வராது, முப்பதுக்குக் கீழே தள்ளினாலும் போகாது. இன்னொரு அம்புக்குறியைத் தட்டினால் கதவு பக்கம் மாறித் திறக்கும். முதன்முதலில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தை முதல் அடி வைத்த மாதிரி ஒரு பூரிப்பு.

"பாராமீட்டர்னா, ஒரு பொருளை எங்க பிடிச்சு இழுக்கலாம்னு குறிச்சு வைக்கிறது மச்சான். ஆக்‌ஷன்னா, இழுத்தா எதெல்லாம் கூட வரணும், எதெல்லாம் அசையாம நிக்கணும்னு சொல்லி வைக்கிறது" என்றார்.

"அப்போ கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன்.

"கல்யாணமா?"

"ஒருத்தரை இழுத்தா கூட யார் யாரெல்லாம் வருவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும்ல?"

அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, "கூட வருவது எது" என்று எழுதி அடியில் கோடு போட்டார். அவரிடம் ஜோக் அடிப்பதில் இதுதான் கஷ்டம்.

ஆனால் அந்தக் குறிப்பு வீண் போகவில்லை. அவருடைய முதல் கதவிலேயே, இழுத்தால் கூட வர வேண்டியவற்றின் கூட்டத்தில் கைப்பிடியைச் சேர்க்க மறந்திருந்தார். கதவைச் சுருக்கியபோது கைப்பிடி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அச்சாகி வந்த படத்தில் கதவு ஓரிடம், கைப்பிடி ஓரிடம். நான் படிக்கட்டின் கீழே நின்று, "மாப்ள! உங்க கைப்பிடி பக்கத்து வீட்டுக்குக் குடி போயிடுச்சு!" என்று கத்தினேன். பட்டறையே சிரித்தது. அதற்கப்புறம் எந்த பிளாக்கைச் செய்தாலும் அதன் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்து, ஒன்றாவது பின்தங்கி நிற்கிறதா என்று தேடிய பிறகுதான் மற்றவர்களிடம் கொடுப்பார். இழுப்பறை, பாத்திரத் தொட்டி, மூலை அலமாரி, அடுப்பு மேடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெரிய தொகுப்பாகிவிட்டது. மாடியில் யாராவது அவசரத்துக்கு ஒரு பிளாக்கை உடைத்துத் தனித்தனிக் கோடுகளாக்கிவிட்டால், அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இனி "அவள்" பற்றி.

சமையலறையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி ஒரு படம் உண்டு. அதில் மேடைக்கு முன்னால் ஒரு மனித உருவத்தை நிறுத்துவார்கள். கம்ப்யூட்டரோடு வந்த உருவம் பனைமர உயரம். அந்த அம்மாள் கையைத் தூக்கினால் கூரையைத் தொடுவாள். "இந்த மாதிரி ஒருத்தர் நம்ம வாடிக்கையாளர்ல யாரு மச்சான்? எல்லாரும் கழுத்தை நீட்டித்தான் டப்பாவை எடுக்கறாங்க" என்று வருத்தப்பட்டார். தானே ஓர் உருவம் செய்வதென்று முடிவெடுத்தார். தெரிந்த பெண்களிலேயே மிகக் குள்ளமானவளை அளந்தால், அவளுக்கு எட்டுவது ஊரில் எல்லோருக்கும் எட்டும் என்று கணக்குப் போட்டார். அவருக்குத் தெரிந்த பெண்களிலேயே மிகக் குள்ளமானவள் அவர் வீட்டிலேயே இருந்தாள்.

என் தங்கைக்கு நான் வைத்த பெயர் அரை டிக்கெட். பதினேழு வயதில் பஸ்ஸில் போனபோது கண்டக்டர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அவளுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அன்று பிடித்துக்கொண்டது. வீட்டிலும் தெருவிலும் நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். கல்யாணத்திலும் நண்பர்கள் முன்னால் அப்படித்தான் கூப்பிட்டேன். செல்லம்தான், வேறென்ன?

அளந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை சமையலறைச் சுவரில் தரையிலிருந்து மேலே வரை டேப்பை ஒட்டிவிட்டு, ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார். தங்கை தரை வரை தொங்கும் நைட்டியோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சாய்ந்தபடி, "அரை டிக்கெட்டை அளக்க டேப் எதுக்கு மாப்ள? பள்ளிக்கூட ஸ்கேல் போதுமே!" என்றேன். நல்ல ஜோக் அது. என் மனைவி சிரித்தாள், மாப்பிள்ளையே அபூர்வமாகச் சிரித்தார், தங்கையும் சிரித்தாள். பிறகு அவள் கையைத் தூக்கினாள். மாப்பிள்ளை அவள் விரல் நுனியில் கண்ணை வைத்து, "நூற்று எழுபத்தெட்டு" என்று படித்தார்.

அந்த உருவத்துக்கு முகம் கிடையாது. முப்பது கோடுகள், ஒரு கொண்டை. ஆனால் தோளில் பிடித்துத் திருப்பினால் கை எழும்பும். எழும்பிய கை நூற்று எழுபத்தெட்டில் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் போகாது. அந்த விரல் நுனியோடு அலமாரியின் மேல்தட்டைக் கட்டி வைத்தார். விரல் எங்கே நிற்கிறதோ, தட்டும் அங்கேதான் நிற்கும். பிளாக்குக்கு "அவள்" என்று பெயர் வைத்தார். மாடியில் எல்லோரும், "அவளைக் கொஞ்சம் தள்ளு", "அவளைத் திருப்பிப் போடு" என்று பேசிக்கொள்வார்கள். என் தங்கையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு மட்டும் சிரிப்பு வரும்.

பதினோரு வருஷம் எங்கள் கம்பெனி செய்த ஒவ்வொரு சமையலறையிலும் என் தங்கை நின்றாள். முதல் மாதிரியை அவள் வீட்டிலேயே நான்தான் செய்து பொருத்தினேன்.

தொல்லை என்னவென்றால், போகிற வீட்டிலெல்லாம் ஒரே புகார். "மேல்தட்டு கொஞ்சம் எட்டலைங்க." பெண்கள் என் கண் முன்னாலேயே எக்கி எக்கி டப்பாவைத் தள்ளிக் காட்டுவார்கள். நான் அந்தப் புகாரை அப்படியே மாடிக்கு எடுத்துப்போவேன். மாப்பிள்ளை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "உங்க தங்கச்சிக்கு எட்டுது. அவங்களைவிட உயரமா இருக்கிறவங்களுக்கு எப்படி எட்டாம போகும்? நீங்கதான் மேல தூக்கி மாட்டியிருப்பீங்க" என்பார்.

"என் கைவேலையைப் பத்தி வாயைத் திறக்காதீங்க மாப்ள!"

"நான் அளந்த அளவு மச்சான். என் கையால அளந்தது."

இப்படியே பதினோரு வருஷம் முட்டிக்கொண்டோம். அவர் சொன்னதை மறுக்கவும் வழியில்லை. தங்கை ஒரு நாளும் தட்டு எட்டவில்லை என்று சொன்னதில்லை. ஊரே குறை சொன்னாலும் அளவு கொடுத்தவள் வாயைத் திறக்காதபோது நான் என்ன செய்ய?

போன வருஷம்தான் விஷயம் முற்றியது. நூற்று நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அத்தனை சமையலறையும் எங்கள் கம்பெனிக்கு வந்தது. ஒரு வீட்டில் மட்டும் மாதிரியாகச் செய்து காட்டினோம். குடிவரப் போகிறவர்களில் ஐந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள், ஐந்து பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவி ஒரு மேடம். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "வெளியில ரெடிமேட் பிளாக் தொகுப்பு விக்கிறாங்க. வாங்கிடலாம்னு பாக்கறேன். இந்தச் சமையலறையை நீங்க சரின்னு நிரூபிக்கலைன்னா உங்களோடதை மொத்தமா எடுத்துடலாம். நீங்க பிரிண்ட் அறையைப் பாத்துக்கங்க" என்றார்.

பிரிண்ட் அறை என்றால் தாள் ஏற்றி பட்டனை அழுத்துகிற வேலை. ஐம்பத்திரண்டு வயதில், பதினோரு வருஷம் இழுத்து இழுத்துச் சரிபார்த்த அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, மற்றவர்கள் வரைந்ததை அச்சடித்துக் கொடுப்பது. அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தவர் என் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். நான் வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. பாவமாக இருந்தது.

பிறகு அவரே, "ஒரு வழி இருக்கு மச்சான். அவளையே கூட்டிட்டு வந்து காட்டிடறேன். அந்த அஞ்சு பேரைவிட அவதானே குள்ளம்? அவ தொட்டுட்டா, பேச்சே இல்ல" என்றார்.

மறுநாள் சாயங்காலம் விஷயத்தைச் சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"நான் வராம இருந்தா என்ன ஆகும் அண்ணா?"

"என்ன ஆகுமா? உன் புருஷன் பிரிண்ட் அறைக்குப் போவாரு. வந்து கையைத் தூக்கிட்டுப் போறதுல உனக்கு என்ன கஷ்டம், அரை டிக்கெட்டு?"

நான் வழக்கம்போல எதையாவது கொறிக்கலாம் என்று மேல் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு விரல் கனத்துக்குத் தூசி மட்டும் இருந்தது. உப்பு, சர்க்கரை, பருப்பு எல்லாம் கீழ்த்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. "ஏன் இதைக் காலியா விட்டு வச்சிருக்கே?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். நான் மரமண்டை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

காட்டுகிற நாள் வந்தது. மேடம், அந்த ஐந்து பெண்கள், மாடியில் வரைகிற நாலு பேர், நான், எல்லோரும் மாதிரிச் சமையலறையில் நின்றோம். புதுத் தரை கீறிவிடக் கூடாதென்று செருப்பை வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை தோய்த்துத் தேய்த்த வெளிர்நீலச் சட்டையில் வந்தார். சுவரில் அதே மாதிரி டேப்பை ஒட்டினார். மடிக்கணினியில் "அவள்" கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த உருவத்துக்கு அளவு குடுத்தவங்க இவங்கதான். என் வீட்டம்மா" என்று தங்கையைக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

தங்கை மேடைக்கு முன்னால் வந்தாள். ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தாள். எக்கினால் தொட்டுவிடலாம். ஆனால் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள், காலில் செருப்பில்லை, மறைக்க நைட்டியும் இல்லை. அப்படியே எவரும் கவனிக்காமல் தப்பினாலும் நூற்று நாற்பது வீட்டுப் பெண்கள் நாளெல்லாம் எக்க வேண்டும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். குதிகால் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

விரல் நுனி தட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது.

மாடிக்காரர் ஒருவர் இருமினார். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றார் மேடம். "இவ்வளவுதாங்க எட்டும்" என்றாள் தங்கை. "அன்னிக்கு எக்கி நின்னேன்."

மாப்பிள்ளை டேப்பைப் பார்த்தார். நூற்று எழுபத்தொன்று. பிறகு மெல்லக் கண்ணை இறக்கி அவள் பாதங்களைப் பார்த்தார். என் தங்கைக்கு ரொம்பச் சின்னப் பாதங்கள். அவர் அவற்றை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு என்னோடது மேடம்" என்றார். "அளக்கும்போது மேல மட்டும் பாத்தேன். கீழ பாக்கலை."

சொல்லிவிட்டு மடிக்கணினி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "அவள்" பிளாக்கைத் திறந்தார். கை நிற்க வேண்டிய எண்ணை நூற்று எழுபத்தொன்று என்று மாற்றினார், சேமித்தார். திரையில் அவள் கை இறங்கியது. கையோடு கட்டியிருந்த தட்டும் இறங்கியது. அலமாரியின் வெளிக்கூடு, கதவு, கைப்பிடி எதுவும் அசையவில்லை. அடுத்து மொத்தக் குடியிருப்பின் படத்தைத் திறந்தார். நூற்று நாற்பது சமையலறையிலும் நூற்று நாற்பது பேர் கையைத் தாழ்த்தியிருந்தார்கள். ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. இத்தனைக்கும் ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

மேடம் குனிந்து திரையைப் பார்த்தார். "அந்த ரெடிமேட்ல எட்டுற உயரம் எவ்வளவு?" என்று மாடிக்காரர்களைக் கேட்டார்.

"நூத்தித் தொண்ணூறுங்க."

"யாரை அளந்தாங்களாம்?"

யாருக்கும் தெரியவில்லை.

"வேண்டாம் விடுங்க" என்றார் மேடம். "வெளியில வாங்கினதுல தப்பு வந்தா நான் யார் காலைப் போய்ப் பாக்கறது? இதையே வச்சுக்கலாம்." அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி என் தங்கையின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை மீதிப் படங்களைச் சரிபார்க்க அங்கேயே இருந்துவிட்டார். நானும் தங்கையும் பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு நிம்மதி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பதினோரு வருஷம் எத்தனை வீட்டில் எத்தனை பேச்சு கேட்டிருப்பேன்!

"ஒரு அளவு ஒழுங்கா குடுக்கத் தெரியாதா உனக்கு? யாரு உன்னை எக்கச் சொன்னது?" என்று ஆரம்பித்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நீயும் அங்கதானே இருந்தே. என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"அரை டிக்கெட்டை அளக்க ஸ்கேல் போதும்னு. எல்லாரும் சிரிச்சீங்க. நானும்தான் சிரிச்சேன். புதுசா கல்யாணம் ஆன வீடு. அவர் எண்ணை உரக்கப் படிக்கப் போறாரு, நீ கேட்டு இன்னொன்னு சொல்லப் போறே. கால் தானா எழும்பிடுச்சு அண்ணா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அதை வச்சு ஒரு வீடு வரைஞ்சிட்டாரு. அப்புறம் பத்து வீடு. 'அவள் அளவு தப்பாது'ன்னு ஊரெல்லாம் சொல்றாரு. நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு வாய் நீளம் என்று முன்பே சொன்னேன். அன்று அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. நான் பொருத்திய சமையலறைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எக்கி எக்கிக் காட்டிய பெண்கள் எல்லோரையும் எக்க வைத்தவன் நான்தான். மாடிக்கு ஏறிப்போய்க் கத்தியதும் நானேதான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, என் தங்கை பதினோரு வருஷம் ஒரு காலித் தட்டுக்குக் கீழே நின்று சமைத்திருக்கிறாள் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

மறுநாள் இரும்புப் படிக்கட்டில் ஏறிப்போனேன், கத்தாமல். "மாப்ள, அவ ஏன் எக்கினான்னு கேட்டீங்களா?"

"இல்ல மச்சான்."

"என்னாலதான். அன்னிக்கு நான் சொன்ன..."

"தெரியும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் சிரிச்சேனே."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். அவர்கள் வீட்டுச் சமையலறையின் படம். மேல்தட்டு நூற்று எழுபத்தொன்றில் இருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்து இறக்கிக் குடுத்துடறீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய தட்டைக் கழற்றித் தூசியைத் துடைத்தேன். புதுத் துளை போடப் பென்சிலால் குறி வைத்தேன். மாப்பிள்ளை ஸ்டூலில் ஏறி டேப்பைப் பிடித்துக்கொண்டார். துளை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் அல்லவா?

"தங்கச்சி, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னாச்சு உனக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. வந்து கையைத் தூக்கு."

அவள் வந்து மேடை முன்னால் நின்றாள். நான் தரையில் உட்கார்ந்தேன், கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டேன். அவள் கையைத் தூக்கியபோது வளையல் சத்தம் கேட்டது. இரண்டு குதிகாலும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன.

"சரியா இருக்கா பாரு அண்ணா" என்றாள் மேலேயிருந்து.

"எனக்குத் தெரியாதும்மா. நான் கீழதான் பாத்துட்டிருக்கேன். நீயே சொல்லு."

பிறகு என் பென்சில் குறியை அவள் விரல் தட்டுவது கேட்டது.

"எட்டுது" என்றாள்.